சாதா அமைனா, வளையம் கோர்த்த ரோடாக்சேனா?

இலவங்கப்பட்டை மணம் தரும் சின்னமால்டிஹைடோடு, கந்தகம் கொண்ட தயோல் சேரும் வினைக்கு ஒரு வினையூக்கி தேவைப்பட்டது. பாட்டிலில் கிடைக்கும் சாதா இரண்டாம்நிலை அமைன் (நைட்ரஜனில் இரு கார்பன் தொகுதிகள் கொண்டது) ஒரு வழி. அதே அமைனை அச்சில் வைத்து, கிரௌன் ஈதர் என்ற ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட வளையம் கோர்த்து, வளையம் கழன்றுவிடாதபடி இரு முனையிலும் பருத்த தொகுதிகளால் அடைத்த ரோடாக்சேன் இன்னொரு வழி. நான் எடுத்தது ரோடாக்சேன்.

விலை, நேரம், வேகம் மூன்றிலும் சாதா அமைன்தான் மேல். அதில் பேச்சே இல்லை. ஆனால் எனக்கு அதே குடுவையில் அடுத்த படியும் நடக்க வேண்டும். அப்போது அமைன் வாயைத் திறக்கக் கூடாது.

கொஞ்சம் அமிலம் விட்டால் அமைன் அடங்காதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடங்காது. இவ்வகை வினை, அமைனும் ஆல்டிஹைடும் சேர்ந்து உருவாக்கும் இமினியம் என்ற இடைநிலை வழியே போகிறது. அதற்கு அமிலம் துணைதான். 2000-ல் வேதியியலாளர் மேக்மில்லன் இமினியம் வழியைக் காட்டியபோது பயன்படுத்தியதே ஓர் அமைனின் ஹைட்ரோகுளோரைடு உப்பு. ஆக, அமைனை உப்பாக்கினால் போதாது, மூடி வைக்க ஒரு பொருள் வேண்டும். ரோடாக்சேனில் வளையமே அந்த மூடி. அமிலம் விட்டால் அமைன் அம்மோனியம் ஆகும். வளையம் ஹைட்ரஜன் பிணைப்பால் அதைப் பற்றி மறைத்துக்கொள்ளும். காரம் விட்டால் வளையம் அச்சிலேயே உள்ள இன்னொரு இருக்கையான டிரயசோலியம் பக்கம் நகரும், அமைன் வெளியே வரும். வேதியியலாளர் டேவிட் லீ குழு 2012-ல் செய்து காட்டியது இதைத்தான்.

செய்வதும் பயந்த அளவு கஷ்டமில்லை. அம்மோனியமே வளையத்தை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் அசைடு-அல்கைன் வினையால் முனையை அடைக்கிறோம். அதில் உருவாகும் டிரயசோலை மெத்திலேற்றினால் அது டிரயசோலியம் ஆகும், வளையம் போய் உட்கார இரண்டாவது இடமும் தயார். முனையை அடைக்கச் செய்த வேலையே இருக்கையும் ஆகிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சங்கிலிக் கண்ணிபோல் வளையங்கள் பின்னிய கேட்டனேனை நான் செய்து பார்த்ததில்லை. நீமையர் குழு பின்னிய இரு வளையங்களிலும் பாஸ்பாரிக் அமிலம் வைத்து, விளைபொருளின் இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்றை நன்றாகத் தேர்ந்து தரும் வினையூக்கியாக்கியது. அந்தத் தேர்வுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதைப் பாருங்கள்.

ரோடாக்சேனில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு முறை அமிலமும் காரமும் விடும்போது குடுவையில் உப்பு சேரும். நான் மில்லிகிராம் அளவில்தான் வேலை செய்திருக்கிறேன். டைகுளோரோமீத்தேன் கரைசலை நீரால் கழுவினால் எனக்குப் போதுமாக இருந்தது. கிலோ கணக்கில் செய்பவருக்கு இது போதும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே படியோடு வேலை முடிகிறது என்றால், சரி, சாதா அமைன் பாட்டிலையே திறந்துவிடுங்கள்.