வெளிநாட்டுக் காப்புரிமை: நேரடித் தாக்கலா, பிசிடியா? ஒரே க்ளெய்மா, நாட்டுக்கு ஒன்றா?

பெங்களூரு பீன்யாவில் வால்வும் பம்ப் உதிரிபாகங்களும் செய்யும் பட்டறைக்காரர்களில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களும் உண்டு. காப்புரிமை என்று வந்தால் அவர்கள் கேட்பது அநேகமாக இதைத்தான்: "ஏனுங்க சார், இங்க போட்ட அதே இங்கிலீஷ் பேப்பரை மொழிபெயர்த்து எல்லா நாட்டுக்கும் அனுப்பிட்டா ஆகாதுங்களா?"

ஆகும். ஆனால் எந்த வழியில் அனுப்புகிறோம், க்ளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியத்தை, எங்கே மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து, கையில் கிடைக்கும் உரிமையின் அகலம் நாட்டுக்கு நாடு மாறும்.

முதலில் ஒரு சட்ட விஷயம். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் தாக்கல் செய்வதற்கு முன், காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைத் தாண்டியாக வேண்டும். ஒன்று, முன் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். பெங்களூருக்காரர்களுக்கு உரிய அலுவலகம் சென்னைதான். பெரும்பாலோர் இங்கே தாக்கல் செய்துவிட்டுத்தான் வெளியே போகிறார்கள். அதுவே எளிது.

அதன் பிறகு இரண்டு வழி. பாரிஸ் உடன்படிக்கைப்படி 12 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் நேரடியாகத் தாக்கல் செய்வது ஒன்று. அதே 12 மாதத்துக்குள் பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) வழியாக ஒரே சர்வதேச விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 30 அல்லது 31 மாதத்துக்குள் நாடுகளைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் 30. ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் 31. சீனா 30 மாதம் தருகிறது, கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் இரண்டு மாதம்.

பிசிடி என்றதும் "டைம் கிடைக்கும்" என்பார்கள். கிடைக்கும்தான். மொழிபெயர்ப்புச் செலவு ஒன்றரை வருடம் தள்ளிப்போவது சிறு கம்பெனிக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பிசிடியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அதுவல்ல. அதில் நம் ஆங்கில வாசகம் உயிரோடு இருக்கிறது.

சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் வழியில் போனால் அங்கே கொடுக்கும் சீன வாசகமே மூலம். நம் இந்திய விண்ணப்பம் தேதிக்கு மட்டும் சாட்சி. மொழிபெயர்ப்பாளர் ஒரு நிபந்தனையைத் தவறாகப் புரிந்துகொண்டால், ஆங்கிலத்தைக் காட்டித் திருத்த முடியாது. பிசிடி வழியில் சர்வதேச விண்ணப்பத்தின் ஆங்கிலம்தான் மூலம் என்பதால், உரிய கெடுவுக்குள் தவறைத் திருத்தக் கேட்கலாம். அதிலும் ஒரு கொக்கி உண்டு. மொழிபெயர்ப்பில் உரிமை மூலத்தைவிட அகலமாகிவிட்டால், காப்புரிமை கிடைத்த பிறகும் மூலத்தின் அளவுக்கு வெட்டுவார்கள். குறுகிவிட்டாலோ, குறுகினது குறுகினதுதான். அதனால் சீன வாசகத்தைச் சரிபார்க்கும் வேலையை காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

ஜப்பானிலும் கொரியாவிலும் நேரடி வழி இவ்வளவு மோசமில்லை. ஜப்பானில் ஆங்கிலத்திலேயே தாக்கல் செய்து, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 16 மாதத்துக்குள் மொழிபெயர்ப்பைத் தரலாம். கொரியாவும் 2015 முதல் ஆங்கிலத்தை ஏற்கிறது. அங்கே 14 மாதம்.

இனி க்ளெய்ம். வால்வையே எடுத்துக்கொள்வோம். உள்ளே மூடியை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பட்டறைக்காரர் கண்ணில் படுவது சுருள் ஸ்பிரிங், அதனால் க்ளெய்மிலும் 'சுருள் ஸ்பிரிங்' என்றே எழுதச் சொல்வார். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. முடி அகற்றும் எபிலேடி கருவியின் ஐரோப்பியக் காப்புரிமையில் சுருள் ஸ்பிரிங் என்றுதான் இருந்தது. ரெமிங்டன் கம்பெனி அதற்குப் பதிலாகக் கீறல் போட்ட ரப்பர் தண்டை வைத்து விற்றது. 1989-இல் பிரிட்டன் நீதிமன்றம் அது மீறல் இல்லை என்றது; ஜெர்மன் நீதிமன்றம் மீறல் என்றது. காப்புரிமை ஒன்று, பொருளும் ஒன்று, தீர்ப்பு மட்டும் இரண்டு.

அப்படியானால் 'அழுத்தும் சாதனம்' என்று பொதுவாகப் போட்டுவிடலாமா? ஐரோப்பாவில் அது பெரிய சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 'மீன்ஸ்' (means, அதாவது 'சாதனம்') என்ற சொல்லோடு வேலையை மட்டும் சொன்னால், 112-ஆம் பிரிவின்படி அது விவரணையில் (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில்) காட்டிய அமைப்புக்கும் அதற்கு இணையானவற்றுக்கும் சுருங்கிவிடும். நான் தனித்து நிற்கும் முதன்மை க்ளெய்மில் 'மீள்தன்மையுள்ள உறுப்பு' என்று எழுதுவேன். அதைச் சார்ந்து நின்று இன்னும் குறுக்கும் சார்பு க்ளெய்மில் சுருள் ஸ்பிரிங் வரும். விவரணையில் இலை ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி வைப்பேன். மொழிபெயர்ப்பாளருக்கும் இது உதவி. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தால் அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

க்ளெய்ம்களை ஒன்றோடொன்று எப்படிக் கோர்ப்பது என்பதில் நம் ஊர் டிராஃப்டிங் நிறையத் தடுமாறுகிறது. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கே எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு சார்பு க்ளெய்மையும் ஒரே ஒரு முன் க்ளெய்மோடு கட்டும். அமெரிக்காவுக்கு அது சரி. ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சார்ந்தால் (அதைத்தான் 'பல சார்பு க்ளெய்ம்' என்பார்கள்) தனிக் கட்டணம். ஆனால் ஐரோப்பாவில் பிறகு இரண்டு அம்சங்களைச் சேர்த்து க்ளெய்மைத் திருத்தப் போனால், அந்தச் சேர்க்கை தாக்கல் செய்தபோதே விண்ணப்பத்தில் நேரடியாக, ஐயமின்றி இருந்ததா என்று எக்ஸாமினர் (பரிசோதிக்கும் அதிகாரி) கேட்பார். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 123(2) பிரிவில் அவர்கள் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. எனவே பிசிடியை 'முந்தைய எந்த க்ளெய்மின்படியும்' என்ற ஐரோப்பிய பாணியில் எழுதிவிட்டு, மற்ற நாடுகளில் நுழையும்போது பிரித்துக்கொள்வதே மேல். பல சார்பு க்ளெய்ம் இன்னொரு பல சார்பு க்ளெய்மைச் சார்வதை சீனா, கொரியா, அமெரிக்கா ஏற்காது. ஜப்பானும் 2022 ஏப்ரலில் கதவை மூடிவிட்டது. பின்னால் பிரிப்பது சுலபம். பின்னால் சேர்ப்பதுதான் ஆகாத காரியம்.

எண்ணிக்கையும் அப்போதே பார்க்க வேண்டியது. இந்தியாவிலும் சீனாவிலும் 10-ஐத் தாண்டினால் கூடுதல் கட்டணம், ஐரோப்பாவில் 15-ஐத் தாண்டினால், அமெரிக்காவில் மொத்தம் 20-ஐயோ முதன்மை 3-ஐயோ தாண்டினால். ஜப்பானில் பரிசோதனைக் கட்டணமே க்ளெய்ம் எண்ணிக்கையோடு ஏறும். ஒரே தொகுப்பை எல்லா ஊருக்கும் அனுப்புவது வேலையை மிச்சப்படுத்தும், காசை மிச்சப்படுத்தாது.

மொழிபெயர்ப்பை யாரிடம் கொடுப்பது? ஏஜென்சி மலிவு; அந்தந்த நாட்டு அட்டர்னி (காப்புரிமை முகவர்) அலுவலகம் விலை அதிகம். இயந்திர மொழிபெயர்ப்பு விவரணையை நன்றாகவே கொண்டுபோகிறது, நீண்ட ஒற்றை வாக்கியமான க்ளெய்மில்தான் எது எதைத் தழுவுகிறது என்பதைக் குழப்பும். எனவே விவரணை ஏஜென்சிக்கு, க்ளெய்ம் மட்டும் அட்டர்னிக்கு என்று பிரிப்பது என் வழக்கம். ஒரு நிபந்தனை: இரண்டு பேரும் ஒரே சொற்பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டும். க்ளெய்மில் ஒரு பெயரும் விவரணையில் வேறு பெயரும் வந்தால், சீன எக்ஸாமினர் தெளிவில்லை என்று அறிக்கை அனுப்புவார். அதற்குப் பதில் எழுதும் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

நேரடி வழி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்கா ஒன்று போதும், அல்லது அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் என்றால் மொழிபெயர்ப்பே இல்லை. பிசிடி வீண் செலவு. தைவான் பிசிடியில் உறுப்பு நாடே அல்ல என்பதால் சிப் தொழிலில் இருப்பவர்கள் அங்கே 12 மாதத்துக்குள் நேரே போயாக வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் பழசாகிவிடும் பொருளுக்கும் 30 மாதம் காத்திருப்பது பொருந்தாது.

பீன்யா வால்வுக்கு என்றால்: பிசிடி, ஐரோப்பிய பாணி க்ளெய்ம், தேடல் அறிக்கை (இதே போன்றது முன்பே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது) வந்த பிறகு சீனாவும் ஐரோப்பாவும். ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்ததும் அதை ஜெர்மனியில் நடைமுறைக்குக் கொண்டுவருவது உறுதி. அங்கே பம்ப் சந்தை பெரிது, லண்டன் ஒப்பந்தத்தால் 2008 முதல் முழு மொழிபெயர்ப்பும் கேட்பதில்லை. அமெரிக்காவில் வாங்க ஆள் இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஜப்பானில் டீலர் யாரும் இல்லையென்றால் அந்தப் பணத்தை சீன க்ளெய்மை இரண்டாவது ஆளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செலவிடச் சொல்வேன்.