வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒற்றை ஆளாகக் கடை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே கைக்குழந்தைகளுக்கான மல் துணி ஜப்லா, லங்கோடு தைத்து ஆன்லைனில் விற்கிறேன். கோடவுன் தெருவில் துணி எடுப்பது, தைப்பது, போட்டோ எடுப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் நான் ஒரே ஆள்தான். வெப்சைட் கிடையாது. கோவிட் ஊரடங்கு ஓய்ந்த காலத்திலிருந்து வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்தான் என் கடை. தனியாளாகத் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்பதால் எழுதுகிறேன்.

ஆப் இலவசம். சொந்த எண்ணைக் கலக்காமல் இன்னொரு எண்ணில் வைத்துக்கொள்ளலாம். வீட்டு லேண்ட்லைன் எண்ணில்கூடப் பதிவு செய்யலாம், சரிபார்ப்புக் குறியீட்டை அழைத்துச் சொல்லும். கேட்லாக்கில், அதாவது ஆப்பில் பொருட்களைக் காட்டும் பட்டியலில், 500 பொருள் வரை போடலாம், என்னைப் போன்றவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம். எனக்கு அதிகம் பயன்படுவது பொருளை மறைத்து வைக்கும் வசதி. துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுவேன், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மொட்டைமாடியில் எதுவும் காயாது. அந்த நாட்களில் கையில் தயாராக இருப்பதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறைத்துவிடுவேன். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு தாயைக் காக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இந்த ஆப்பில் உண்மையிலேயே உழைப்பை மிச்சம் பிடிப்பது குயிக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் பதில். எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, பாப்பாவுக்கு மூணு மாசம். எந்த சைஸ் எடுக்கணும்?" மாதத்தை வைத்து சைஸ் சொன்னால் சரிவராது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குழந்தையும் உண்டு, ஏழு கிலோ குழந்தையும் உண்டு. அதனால் சாய்கோடு போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் இந்தப் பதில் போகும்: "கடைசியா தடுப்பூசி போட்டப்ப எடை எவ்வளவு இருந்துச்சும்மா? கார்டுல இருக்கும் பாருங்க." கூடவே ஜப்லாவை மேசையில் விரித்து, பக்கத்தில் இன்ச் டேப் வைத்து எடுத்த போட்டோ. இந்த ஒரு பதிலைச் சரியாக எழுதிய பிறகு சைஸ் மாற்றித் தரச் சொல்லி வரும் பார்சல்கள் நன்றாகவே குறைந்துவிட்டன. உங்கள் வியாபாரத்திலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். அதற்கான பதிலை நேரம் எடுத்து எழுதுங்கள்.

இரவு இரண்டு மணிக்கும் மெசேஜ் வரும். பால் கொடுத்துவிட்டுத் தூக்கம் பிடிக்காமல் போனைப் பார்க்கும் நேரம் அது. "காலை பத்து மணிக்குள் பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகும் ஒரு வரி போதும். உடனடிப் பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை, எப்போது வரும் என்று தெரிந்தால் நிம்மதி.

அப்புறம் பிராட்காஸ்ட், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்கு ஒன்றாக அனுப்புவது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும். முன்பின் கேட்காமல் அனுப்பினால் பிளாக் செய்வார்கள், புகார் கூடினால் கணக்கே முடங்கும். அதனால்தான் வாடிக்கையாளர் பட்டியல் ஆப்புக்குள் மட்டும் இருக்கக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. பெயர், பின்கோடு, குழந்தை பிறந்த மாதம், வாங்கும்போது இருந்த எடை, வாங்கிய பொருள். ஒரு குழந்தை ஜப்லா போடுவது ஆறேழு மாதம்தான், அதற்குள் அடுத்த சைஸ் தேவைப்படும். "பெரிய சைஸ் தைக்கும்போது சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும் நோட்டைப் பார்த்துத் தனித்தனியாக அனுப்புகிறேன். திரும்ப வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த நோட்டின் வழியாகத்தான் வருகிறார்கள். போன் தொலைந்தாலும் கணக்கு முடங்கினாலும் நோட்டு என்னிடம் இருக்கும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் நம்பரை முதல் நாளே போட்டுவிடுங்கள். கடை எண்ணுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. நீண்ட நாள் பயன்படுத்தாத எண்ணை சிம் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

பணம் யுபிஐயில். வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வியாபாரிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு ஆப்பில் அந்த சாட்டுக்கு "பணம் வந்தது" என்ற லேபிளைப் போடுங்கள்.

வரி விஷயத்தில் பலர் வருட விற்பனை 40 லட்ச ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கும் வரைதான். வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பொதுவாகப் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெங்களூர் என்றால் யாருக்கும் புரியும், பாண்டிச்சேரிக்கும் இதே விதிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளி மாநில ஆர்டர் எடுக்கும் முன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்குப் பணம் கேட்கும் தளங்களைத் தவிர்த்து அரசுத் தளத்திலேயே செய்யுங்கள்.

பார்சலுக்கு ஸ்பீட் போஸ்ட்தான். முன்பு பயன்படுத்திய ஒரு தனியார் கூரியர், கிராமத்து வாடிக்கையாளர்களை டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னது. பச்சை உடம்புக்காரப் பெண் எப்படிப் போவாள்? தபால்காரர் வீட்டு வாசலுக்கே போகிறார்.

தினமும் வரும் எல்லா மெசேஜுக்கும் காலை ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லி முடிக்க முடிகிறவரை இந்த ஆப் போதும். அதைத் தாண்டினால் வெப்சைட்டுக்குச் செலவு செய்யலாம். நான் இன்னும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் இருக்கிறேன்.