சிடி68-இல் இரண்டு குளோன், கூடவே சிடி163: எதை வாங்கலாம்?

திசு ஸ்லைடில் மேக்ரோஃபேஜை (கிருமியையும் குப்பையையும் விழுங்கும் செல்) நிறமேற்றிக் காட்ட ஒரே ஒரு ஆன்டிபாடிதான் வாங்க முடியும் என்றால், சிடி163 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வாங்குங்கள். இரண்டுக்கு இடமிருந்தால் சிடி68 என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் பிஜி-எம்1 குளோனையும் (குளோன் என்றால் ஒரே புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளில் ஒரு தனி ரகம்) சேர்த்துக்கொள்ளுங்கள். சிடி68-இன் இன்னொரு குளோனான கேபி1 பெரும்பாலும் லேப் ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும், அது தீரும்வரை ஓட்டலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ரிப்போர்ட்டில் ஹிஸ்டியோசைட் (திசுவில் இருக்கும் மேக்ரோஃபேஜ்) என்று எழுதிவிடாதீர்கள்.

கேபி1-இன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1989-இல் வெளிவந்த பழைய குளோன், பாரஃபின் மெழுகில் பதித்த திசு பிளாக்கில் படுத்தாமல் வேலை செய்யும், ஸ்டெயினும் பளிச்சென்று இருக்கும். சைட்டோபிளாசம் முழுக்க மணல் தூவியது மாதிரி பழுப்புத் துகள்கள். சிக்கலே அந்தத் துகள்களில்தான். சிடி68 என்பது செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் இருக்கும் புரதம், ஆகவே லைசோசோம் நிறைந்த செல் எதுவாக இருந்தாலும் கேபி1 ஏறிவிடும். மேக்ரோஃபேஜோடு சம்பந்தமே இல்லாத, நரம்பு உறையின் ஷ்வான் செல் வகையைச் சேர்ந்த கிரானுலர் செல் டியூமர்கூட அழகாக ஏறும். நியூட்ரோஃபில், மாஸ்ட் செல், சில மெலனோமாக்கள் என்று பட்டியல் நீளும்.

1993-இல் வந்த பிஜி-எம்1 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கிரானுலோசைட்டுகளை (நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்கள்) விட்டுவிடுவதால் எலும்பு மஜ்ஜை பயாப்சியில் மோனோசைட் (மேக்ரோஃபேஜாக மாறும் ரத்தச் செல்) வரிசையைப் பிரித்துப் பார்க்க இதைத்தான் எடுப்பேன். மெலனோமா தொல்லை இதிலும் முழுசாகப் போகாது, அதையும் மனதில் வையுங்கள்.

சிடி163-க்கு வருவோம். ஹீமோகுளோபினும் ஹாப்டோகுளோபினும் சேர்ந்த கூட்டைச் செல்லுக்குள் இழுக்கும் ரிசெப்டர் இது, கிட்டத்தட்ட மோனோசைட், மேக்ரோஃபேஜ் வரிசையில் மட்டும்தான் இருக்கும். செல்லின் ஓரமும் சைட்டோபிளாசமும் சேர்ந்தே ஏறுவதால் எந்த செல் பாசிட்டிவ் என்று விரல் வைத்துக் காட்டலாம், கேபி1-இல் அடர்த்தியான இடத்தில் அது கொஞ்சம் கஷ்டம். ஆனால் எல்லா மேக்ரோஃபேஜையும் இது பிடிக்காது. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்டில் ஏறாது, கிரானுலோமாவில் (மேக்ரோஃபேஜ்கள் திரண்ட முடிச்சு) ஒரு ஸ்லைடில் நன்றாக வரும், இன்னொன்றில் மங்கலாக இருக்கும், லிம்ஃபாய்டு ஃபாலிக்கிளின் (லிம்ஃபோசைட்டுகள் திரண்ட உருண்டை) நடுவே குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களில் பலவீனமாகவே வரும். டான்சிலை கண்ட்ரோலாக (ஸ்டெயின் சரியாக வந்ததா என்று ஒப்பிடும் திசு) போட்டுவிட்டு, ஃபாலிக்கிள் நடுவில் சரியாக வரவில்லையே என்று ஆன்டிபாடியின் செறிவை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஸ்லைடு முழுக்கப் பேக்ரவுண்டுதான் (வேண்டாத இடத்தில் ஏறும் நிறம்) மிஞ்சும். ஃபாலிக்கிள்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள், இல்லையென்றால் கல்லீரல் துண்டு ஒன்றைப் போடுங்கள், கல்லீரலின் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் தெளிவாக ஏற வேண்டும், கல்லீரலின் முக்கிய செல்களான ஹெபடோசைட்டுகள் ஏறக் கூடாது.

இதெல்லாம் எங்கே கைகொடுக்கும்? இரைப்பையிலிருந்து வரும் பொடிப்பொடி பயாப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சளிப்படலத்துக்குள் நுரைத்த சைட்டோபிளாசத்தோடு ஒரு கூட்டம் செல்கள், சாந்தோமாவா (கொழுப்பை விழுங்கிய மேக்ரோஃபேஜ் கூட்டம், தீங்கில்லாதது), சிக்னெட் ரிங் கார்சினோமாவா (ஒருவகைப் புற்றுநோய்) என்ற கேள்வி. சிடி163 ஏறி, கெரட்டின் (எபிதீலியச் செல்லையும் அதிலிருந்து வரும் கார்சினோமாவையும் காட்டும் ஸ்டெயின்) ஏறாமல் இருந்தால் சாந்தோமா பக்கம் சாயலாம். இரண்டையும் சேர்த்தே போடுங்கள், ஏனென்றால் கட்டியைச் சுற்றியும் மேக்ரோஃபேஜ் கூட்டம் இருக்கத்தான் செய்யும், ஸ்லைடில் பழுப்பு தெரிகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சந்தேகப்பட்ட அதே செல்லில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூளை பயாப்சியிலும் இப்படித்தான். நரம்பிழையின் உறையான மையலின் அழிந்த இடம் கிளையோமா என்ற மூளைக்கட்டி மாதிரி வேஷம் போடும்போது, நுரைத்த மேக்ரோஃபேஜ்கள் விரிப்பாகப் பரவியிருப்பதை இந்த ஸ்டெயின் காட்டிவிட்டால் அடுத்த யோசனை தானாக மாறும். மைக்ரோக்ளியாவும் (மூளையில் இருக்கும் மேக்ரோஃபேஜ் வகைச் செல்) ஏறலாம் என்பதால் அங்கொன்று இங்கொன்றாகத் தெரிவதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தலைவலி, நிறம். ஹீமோசிடரின் (ரத்தத்திலிருந்து மிஞ்சும் இரும்பு நிறமி) நிறைந்த மேக்ரோஃபேஜ் தானே பழுப்பு, ஸ்டெயினுக்கு நிறம் தரும் டிஏபி-யும் பழுப்பு, அப்புறம் எது எது என்று யார் சொல்வது? ரத்தக்கசிவு இருந்த திசுவுக்கும் மெலனின் உள்ள திசுவுக்கும் சிவப்பு குரோமோஜெனுக்கு (நிறம் தரும் பொருள்) மாறிவிடுங்கள், பிரைமரி ஆன்டிபாடி இல்லாத நெகட்டிவ் ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஏசி387 என்ற ஆன்டிபாடி இன்னும் சில பட்டியல்களில் மேக்ரோஃபேஜ் மார்க்கர் என்றே விற்கிறது. அது பிடிப்பது கால்புரோடெக்டின் என்ற புரதத்தை, நியூட்ரோஃபிலிலும் ஏறும், ஸ்குவாமஸ் எபிதீலியத்திலும் ஏறும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கெரட்டின் வாங்கிப் போடலாம்.