40 வயதில் ஊசி பிடித்தேன்

டெக்சாஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மெடிக்கல் அசிஸ்டன்ட் படித்து முடித்தேன். ரத்தம் எடுக்கும் லேபுக்காகவே சேரலாம். முதலில் ரப்பர் கை, அப்புறம் பக்கத்து மாணவியின் கை (பாவம், இரண்டு முறை குத்தினேன்). ரத்தம் பிடிக்கும் குழாய்களின் வரிசை தப்பக் கூடாது: வெளிர்நீல மூடி முன்னால், ஊதா மூடி பின்னால். ஊதாவில் இருக்கும் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம்) அடுத்த குழாயில் கலந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பில்லிங் வகுப்பு சுத்த அறுவை. ஸ்லைடை வாசித்ததோடு சரி. கடைசியில் 160 மணி நேர கிளினிக் பயிற்சி, சம்பளமில்லை. அதற்கு இடம் பிடித்துத் தரவே காலேஜ் ஆறு வாரம் இழுத்தடித்தது. சேருமுன் படிப்புக்கு சிஏஏஹெச்ஈபி அல்லது ஏபிஹெச்ஈஎஸ் என்ற அமைப்புகளின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் சிஎம்ஏ (சான்றிதழ் பெற்ற மெடிக்கல் அசிஸ்டன்ட்) தேர்வு எழுதுவது சிக்கல்.