கிளாசிக் ராக்குக்கு ஒரே ஒரு தட்டு என்றால்: லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பம், 2014 பதிப்பு

கிளாசிக் ராக்குக்கு எந்த பேண்டை முன்னிறுத்துவது என்று பேச்சு வந்தால் நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள்: பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், குயின். இவர்களில் யாரையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகையின் முகம் என்று ஒருவரைத்தான் காட்ட வேண்டுமென்றால் அது லெட் செப்பெலின். ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்குவது என்றால், 1971 நவம்பர் 8 அன்று அட்டையில் பெயர்கூட இல்லாமல் வெளிவந்த அவர்களுடைய நான்காவது ஆல்பம். இன்று புதிதாக விற்பனைக்கு இருப்பது 2014 அக்டோபரில் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் வந்த மறுபதிப்பு. அதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

முதலில் அந்தச் சண்டையைத் தீர்த்துவிடலாம். கிளாசிக் ராக் என்று நாம் இன்று சொல்வது, எண்பதுகளில் அமெரிக்க எஃப்எம் நிலையங்கள் பழைய ராக் பாடல்களுக்காகவே வகுத்துக்கொண்ட ஒரு ஒலிபரப்பு முறை. மூன்று நிமிட சிங்கிளை (ஒரு பாட்டுக்காக விற்கும் சிறு தட்டை) நம்பிய ஏஎம் வானொலிக்கு மாற்றாக, ஆல்பத்திலிருந்து எட்டு நிமிடப் பாட்டையும் வெட்டாமல் போட்ட எஃப்எம் பழக்கத்தின் வாரிசு அது. அந்த அச்சில் வார்த்த மாதிரி இருப்பது செப்பெலின்தான். 1968இல் தொடங்கி, டிரம்மர் ஜான் போனம் இறந்த 1980இல் முடித்துக்கொண்டார்கள். இடையில் ஒரு ஆள்கூட மாறவில்லை. பேண்ட் இருந்த காலத்தில் பிரிட்டனில் சிங்கிளே விற்கவில்லை. 'ஸ்டேர்வே டு ஹெவன்' அமெரிக்காவில்கூட சிங்கிளாக விற்பனைக்கு வரவில்லை. பாட்டு வேண்டுமா, முழுத் தட்டையும் வாங்கு.

மற்றவர்கள் ஏன் இல்லை? பீட்டில்ஸ் 1970லேயே கலைந்துவிட்டார்கள். அவர்கள் இந்தக் கதைக்கு முன்னுரை. ஸ்டோன்ஸ் சிங்கிளில் வளர்ந்தவர்கள். இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பதால் எந்தக் காலத்து ஸ்டோன்ஸ் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பம் ஒலிப்பதிவில் இன்றும் பாடப்புத்தகம், ஆனால் அதில் ராக்கின் வியர்வை குறைவு. குயினில் பாதி நாடக மேடை. உண்மையான போட்டி இன்னொரு பிரிட்டிஷ் பேண்டான தி ஹூவிடமிருந்துதான். அதே 1971இல் அவர்கள் கொண்டுவந்த 'ஹூஸ் நெக்ஸ்ட்', பாட்டுக்குப் பாட்டு எடை போட்டால் செப்பெலினுக்குச் சளைத்ததல்ல. ஆனால் ப்ளூஸ், நாட்டுப்புறம், கன ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் நீளப் பாட்டு எல்லாம் ஒரே தட்டில் 43 நிமிடத்துக்குள் வேண்டுமென்றால் இந்த நான்காவது ஆல்பத்தை விட்டால் ஆள் இல்லை.

இதில் ஒரு பாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பாட்டான 'வென் த லெவி பிரேக்ஸ்' தொடங்கும் முதல் சில நொடிகளில் டிரம்ஸ் மட்டும்தான். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் முன்கூடத்தில் டிரம் செட்டை வைத்து, மாடிப்படிக்கு மேலே இரண்டு பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். கிக் டிரம்முக்குத் தனி மைக் கிடையாது. அந்த இரண்டு மைக்கின் ஒலி வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் நடமாடும் ஸ்டூடியோவுக்குப் போய், கம்ப்ரஷன் ஏறி, பின்சன் எக்கோ கருவி வழியாக வந்தது. கம்ப்ரஸர் ஓங்கிய அடியை அமுக்கி, அடிக்குப் பின் கூடத்தில் மிதக்கும் ஒலியைத் தூக்குகிறது. எக்கோ ஒவ்வொரு கிக்குக்கும் ஒரு நிழலடி சேர்க்கிறது. அதோடு டேப்பின் வேகத்தையும் குறைத்திருப்பதால் எல்லாம் ஒரு சுற்று பருத்துக் கேட்கிறது. வீட்டில் இந்த ஒலியை எடுக்க முயல்பவர்கள் டிரம்முக்கு அருகில் நாலைந்து மைக் வைத்துவிட்டுப் பிறகு ரிவர்ப் (செயற்கை அறை எதிரொலி) போடுவார்கள். அப்படிச் செய்தால் தனித்தனி அடிதான் வரும், கூடம் வராது. உயரமான அறை, தள்ளி வைத்த மைக், அளவாக அடிக்கும் கை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உண்டு.

'பிளாக் டாக்' பாட்டின் கிட்டார் நேர் எதிர்: ஆம்ப்ளிஃபயரே இல்லை. கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகி, 1176 என்ற மாடல் கம்ப்ரஸர்கள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு உறும வைத்து, அதையே மூன்று தடவை அடுக்கிப் பதிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரிஃப்புக்கும் முன்னால் போனம் குச்சியைத் தட்டிக் கணக்கு வைப்பது மறுபதிப்பில் தெளிவாகக் கேட்கிறது.

குறையும் உண்டு. 'ஃபோர் ஸ்டிக்ஸ்' முயற்சியாகச் சுவையானது, பாட்டாகச் சுமார். ஹூ ரசிகர்கள் உடனே கையிலெடுக்கும் குற்றச்சாட்டு, அடுத்தவர் சரக்கை எடுத்தாளும் பழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் விவகாரம் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸனுடன் சமரசத்தில்தான் முடிந்தது. ஆனால் மெட்டைத் திருடியதாகத் தொடுத்த 'ஸ்டேர்வே' வழக்கில் 2016இல் ஜூரியும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் செப்பெலின் பக்கமே நின்றன. 'லெவி'யில் ப்ளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னியின் பெயர் போட்டிருக்கிறது. 1929இல் அவரும் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிந்த பாட்டு அது.

சரி, எந்தப் பதிப்பு? 2014 வரிசையில் ஒற்றை சிடி, இரட்டை சிடி, 180 கிராம் ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு, எல்லாம் அடங்கிய பெரிய பெட்டி என்று ஐந்து வடிவம். மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலை) லண்டன் மெட்ரோபோலிஸ் ஸ்டூடியோவில் ஜான் டேவிஸ். பழைய டேப்பை டிஜிட்டலாக்கிச் செய்த வேலை. ஆனாலும் ஒலியை நசுக்கிச் சத்தத்தை மட்டும் ஏற்றும் நோய் இதில் இல்லை. முதல் அச்சுகளோடு ஒப்பிட்டால் சிம்பல்கள் சற்று மினுக்கும், அவ்வளவுதான். இரட்டைப் பதிப்பின் இரண்டாவது தட்டில் எட்டுப் பாட்டுக்கும் மாற்று வடிவங்கள். அதில் கேட்க வேண்டியது லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில் செய்த 'ஸ்டேர்வே' மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்ததை ஒன்றாகக் கலந்த வடிவம்). அங்கே செய்த மிக்ஸ்களில் 'லெவி' மட்டுமே ஆல்பத்தில் தப்பியது. மற்றவற்றை லண்டனில் திரும்பச் செய்தார்கள். மீதி எல்லாம் ஒரு தடவை கேட்டு அலமாரியில் வைக்கும் ரகம். பணத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒற்றை சிடி போதும். பெரிய பெட்டி சேகரிப்பாளர்களுக்கு.

தட்டாக வாங்குபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்த ஆல்பத்தின் இரண்டு பெரிய பாட்டுகளும் பக்கத்தின் கடைசியில், அதாவது லேபிளை ஒட்டிய உள்வட்டத்தில் இருக்கின்றன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற கணக்கில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது; மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் அது 21 செ.மீ.தான். அதே அதிர்வுகளைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டும். மழுங்கிய ஊசி அந்த நெருக்கத்தில் நுழையாது. 'ஸ்டேர்வே' கிட்டார் சோலோ தொடங்குவது 5:55 வாக்கில். அதன் பின் வரும் உச்சக்குரல் பக்கத்தின் மிகக் குறுகிய இடத்தில் விழுகிறது. மெலிதாகத் தொடங்கி உரக்க முடியும் பாட்டை அங்கே வைத்தது டர்ன்டேபிளுக்கு வைத்த பரீட்சை.

தேற வழி இருக்கிறது. டர்ன்டேபிள் ஆடாமல் மட்டமாக இருக்கட்டும். ஊசி தட்டை அழுத்தும் எடையை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே வையுங்கள். ஆடியோ டெக்னிக்கா விஎம்95 வரிசை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலை) என்றால் 2.0 கிராம். தட்டு தேயும் என்று பயந்து எடையைக் குறைப்பதுதான் பலர் செய்யும் தவறு. எடை குறைந்தால் ஊசி தடத்தில் துள்ளி, அதுவே தட்டைக் கெடுக்கும். பிறகு இரண்டு புள்ளி ப்ரொட்ராக்டரில் (கோணம் பார்க்கும் அளவு அட்டையில்) கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிசெய்யுங்கள். ஊசி மையத்தை நோக்கி இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டை எடைக்கு ஈடான எண்ணில் தொடங்கலாம். எல்லாப் பாட்டிலும் கரகரத்தால் ஊசியில் தூசு அல்லது தேய்மானம். கடைசிப் பாட்டில் மட்டும் பாடகர் ராபர்ட் ப்ளான்டின் 'ஸ' சீறினால் கோணம் தவறு. வலது ஸ்பீக்கரில் மட்டும் சீறினால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை. ஊசி உட்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விட்டுவிடுகிறது. இவ்வளவும் சரியாக இருந்தும் திருப்தியில்லை என்றால் அதே கார்ட்ரிட்ஜில் எலிப்டிக்கல் (நீள்வட்ட முனை) ஊசியைக் கழற்றி, இன்னும் நுண்ணிய முனை கொண்ட மைக்ரோலைன் ஊசியை மாட்டுங்கள். பெட்டி மாதிரி மூடும் மலிவு பிளேயரில் இந்தத் தட்டைப் போடுவதற்குப் பதில் சிடி வாங்கிவிடலாம். 1969இல் ஒலிப்பொறியாளர் பாப் லுட்விக் தடம் செதுக்கிய செப்பெலினின் இரண்டாவது ஆல்பத்தின் முதல் அமெரிக்க அச்சு மலிவு பிளேயர்களில் துள்ளியதால்தான், பாஸைக் குறைத்து மறுபடி செதுக்கினார்கள். அந்த முதல் அச்சுக்கு அடையாளம், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கையால் கீறிய 'ஆர்எல்'. இன்று அதற்குத்தான் யானை விலை.

நான்காவது ஆல்பத்தின் பிரிட்டிஷ் முதல் அச்சைத் தேடுபவர்களும் அட்டையை நம்பாமல் அதே வெற்றுப் பகுதியைப் பாருங்கள். செதுக்கிய ஜார்ஜ் பெக்கமின் 'பெக்கோ டக்', 'போர்க்கி' கீறல்கள் அங்கே இருக்கும். லேபிள் பிளம் நிறம். பழைய தட்டில் உள்வட்டம்தான் முதலில் தேய்வது. விற்பவர் 'பிளாக் டாக்' போட்டுக் காட்டினால் போதாது, 'ஸ்டேர்வே'யின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதற்கு அடுத்து ஒன்று வாங்குவதானால் 'ஹூஸ் நெக்ஸ்ட்'. ஒற்றைத் தட்டோ ஒற்றை சிடியோ போதும். 2023இல் வந்த பத்து சிடி பெட்டி ஆராய்ச்சிக்காரர்களுக்கு. ஸ்டோன்ஸ் கட்சிக்காரர்கள் பழைய 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' தேடினால், நிஜ ஜிப் வைத்த அந்த அட்டைக்கு அடுக்கில் மேலே என்ன இருந்தது என்பதையும் பாருங்கள். மூடிய ஜிப் தட்டில் பதிந்து 'சிஸ்டர் மார்ஃபின்' பகுதியில் வடு விழுந்ததால், பிறகு ஜிப்பைப் பாதி இறக்கி, லேபிள் மேல் படும்படி வைத்து அனுப்பினார்கள். இரண்டாம் பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாலே வடு தெரியும்.