பாத உணர்வுப் பரிசோதனைப் பெட்டி: நைலான் இழையும் இசைக்கவையும்

நீரிழிவு நோயாளிகளின் பாதங்களில் தொடு உணர்வு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்காக விற்கப்படும் இந்தச் சிறு பெட்டியில், 10 கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமென்ட் எனும் நைலான் இழை ஒன்றும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றும் இருக்கின்றன. இழை மட்டும் தனியாக மலிவாகக் கிடைக்கும் என்றாலும், இரண்டும் சேர்ந்த பெட்டியையே நான் பரிந்துரைப்பேன்; ஏனெனில் இவை சோதிப்பது ஒரே வகை நரம்பு முனைகளை அல்ல.

இழையைத் தோலில் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தி, ஓரிரு விநாடி நிறுத்தி எடுக்க வேண்டும். வளையத் தொடங்கிய பிறகு மேலும் அழுத்தினாலும் விசை பெரிதாகக் கூடுவதில்லை என்பதால், பரிசோதிப்பவரின் கைப்பழக்கம் முடிவை அதிகம் மாற்றாது. அழுத்தம் நீடிக்கும் வரை, தோலில் தொடுதலை உணரும் மெர்க்கல் செல்களோடு இணைந்த நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்; தோலிலுள்ள இன்னொரு வகைத் தொடு உணரிகளான மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகளோ இழை படும்போதும் விலகும்போதும் மட்டும் விழித்து, இடையில் அடங்கிவிடும்.

இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலின் எலும்பு மேட்டில் ஊன்றும்போது முக்கியமாகத் தூண்டப்படுவது அதிர்வை உணரும் பசினியன் நுண்ணுறுப்பு. வெங்காயம்போல் அடுக்கடுக்கான அதன் உறை, நிலையான அழுத்தத்தைத் தன்னுள்ளேயே தணித்துவிட்டு, வேகமான அதிர்வை மட்டும் நடுவிலுள்ள நரம்பு முனைக்குக் கடத்துகிறது. அதிர்வு ஓய்ந்த கவையை அதே இடத்தில் அழுத்தி வைத்திருந்தாலும் இந்த நுண்ணுறுப்பு பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. நல்ல கவை நீண்ட நேரம் அதிர வேண்டும். இதில் உள்ளது அவ்வகையில் நிறைவளிக்கிறது.

இந்தத் தொடு உணர்வுக்கு அடிப்படையானது, செல்லின் சவ்வு இழுபடும்போது திறந்து அயனிகளை உள்ளே விடும் பீசோ2 புரதம். அதை 2010இல் அடையாளம் கண்ட ஆய்வுக்குழுவை நடத்திய ஆர்டம் படாபூடியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே பீசோ2 செயலிழந்தவர்கள் அதிர்வை உணராவிட்டாலும், பலமாகக் கிள்ளினால் வலியை உணர்கிறார்கள். வலிக்கான மெல்லிய நரம்புகளின் வழி வேறு. அவற்றைச் சோதிக்க இப்பெட்டியில் எதுவும் இல்லை. எனவே இரண்டு சோதனைகளிலும் தேறிய பாதத்திலும் எரிச்சல் இருந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

வழிகாட்டித் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது பெருங்குறை. காய்ப்பு ஏறிய இடத்தில் இழையை வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கைகூட அதில் இல்லை. மேலும், தொடர்ந்து பலருக்குப் பயன்படுத்தினால் நைலான் தளர்ந்து குறைந்த விசையிலேயே வளைந்துவிடும். நல்ல பாதமும் உணர்விழந்ததாகத் தோன்றும். வீட்டுக்கு இந்த ஒன்று போதும். முகாம் நடத்துவோர் உதிரி இழைகளையும் சேர்த்தே வாங்குவது நல்லது.