பத்தடிக் கார், ஐந்து அங்குலத்தில்: தமியாவின் மினி கூப்பர்

ஒன்பது வருடத்தில் பதினான்கு கார் மொடல்கள் ஒட்டி முடித்திருக்கிறேன். முடித்த அன்று, இன்னும் கொஞ்ச நாள் நீண்டிருக்கக்கூடாதா என்று மனது கேட்டது ஒன்றுக்குத்தான். ஜப்பானின் தமியா நிறுவனம் 1980களில் வெளியிட்ட 1/24 அளவு மொரிஸ் மினி கூப்பர் 1275எஸ். முதல் மொடலாக எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஏன் என்பதை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பல் தொழில்நுட்பவியலாளர். பகல் முழுக்கக் கட்டுப்பல் செய்வது என் வேலை. மாலையில் திருகோணமலை உவர்மலை வீட்டின் பின் விறாந்தையில் அதே கைகளால் கார் செய்கிறேன். அந்த வேலை இந்த வேலைக்கு எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்பதும் இடையில் வரும்.

எங்களிடம் ஒரு மினி இருந்தது. வேகப் பதிப்பான கூப்பர் இல்லை, 848 சிசி சாதாரண மொரிஸ் மினி. அப்பா அதைப் 'பத்தடிக் கார்' என்பார். உண்மையிலேயே அந்தக் காரின் நீளம் பத்தடிதான். அந்தப் பத்தடிக்குள் நாங்கள் ஐந்து பேரும் ஏறி, கோட்டை வாசலால் நுழைந்து, குறுக்கே வரும் புள்ளிமான்களுக்கு நின்று நின்று கோணேசர் கோயிலுக்குப் போவோம். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போனால் திரும்பி வரும்போது ஈரத்துணி வாளியும் என் மடியில் இருக்கும். வெளியில் சின்னதாகத் தெரியும் காருக்குள் எப்படி இவ்வளவு இடம் என்று அப்போது யோசித்ததில்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது. 1956 சுயஸ் கால்வாய் நெருக்கடியில் இங்கிலாந்தில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும் சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று அலெக் இஸிகோனிஸிடம் கேட்டார்கள். எங்கள் நாட்டுத் தெருக்களில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனரை வடிவமைத்தவரும் அவர்தான். எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்பெட்டியை அதன் அடியிலேயே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கினார். மிச்ச இடமெல்லாம் மனிதர்களுக்கு. 1959இல் அந்தக் கார் வெளிவந்தது.

1/24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். பத்தடிக் கார் ஐந்து அங்குலமாகிவிடும், உள்ளங்கையில் சரியாக உட்காரும். பெட்டியைத் திறந்து உடற்பகுதியைக் கையில் எடுத்தவுடனேயே எனக்கு இது பிடித்துப்போனதற்கு அந்த அளவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் அச்சின் நேர்த்தி. மினியின் தகடுகளை வெளிப்பக்கமாக மடித்து வெல்ட் செய்திருப்பார்கள். அதனால் முன் கண்ணாடியின் ஓரத்திலிருந்தும் பின் கண்ணாடியின் ஓரத்திலிருந்தும் கீழே ஒரு விளிம்பு இறங்கும். மற்றக் கார்களில் அது கிடையாது. மினிக்கு அதுதான் முகவெட்டு. தமியா அந்த விளிம்பை நூல் பிடித்ததுபோல் அச்சில் கொண்டுவந்திருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாப் பிளாஸ்டிக் மொடலிலும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஆனால் எது அச்சுக் கோடு, எது மினியின் சொந்த விளிம்பு என்று பார்க்காமல் சாண்ட் பேப்பரை வைத்தீர்களென்றால் மினியின் முகமே போய்விடும். முதலில் ஒரு நல்ல புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தட்டு, இருக்கைகள், சில்லுகள் எல்லாம் மூன்று மாலைகளில் முடிந்துவிட்டன. துண்டுகள் குறைவு, ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்துகின்றன. பச்சை மூடிப் போத்தலில் வரும் தமியாவின் மெல்லிய பசை இதற்குப் போதும். இரண்டு துண்டுகளையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பொருத்தில் தூரிகை நுனியை ஒருதரம் தொட்டால் பசை தானே உள்ளே ஓடிவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் கட்டுப்பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக் திரவத்தை இதில் கிட்டவும் கொண்டுவராதீர்கள். மொடல் காரின் பொலிஸ்டைரீனை அது கரைத்துக் கூழாக்கிவிடும்.

இனி பெயின்ட். இந்தக் காரில் நான் செலவிட்ட மூன்று மாதத்தில் இரண்டரை மாதம் இதற்குத்தான் போனது. அந்த இரண்டரை மாதமும் சந்தோஷமாகவே போனது.

1990 ஜூனில் நாங்கள் வீட்டைவிட்டுப் போனபோது கார் முற்றத்தில் நின்றது. திரும்பி வந்தபோது இல்லை. மிஞ்சியது கோட்டை வாசலில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். கூரை வெள்ளை என்பதில் எல்லோருக்கும் ஒரே நினைவு. உடல் என்ன நிறம் என்பதில்தான் பிரச்சினை. அம்மா வேப்பங்கொழுந்துப் பச்சை என்கிறார், அண்ணா கடல் நீலம் என்கிறார், எனக்கோ சாம்பல் கலந்த ஏதோ ஒன்று. இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் பின் வளவுப் பெரியம்மா, "உங்கட காரின்ர மூடி எங்கட கோழிக்கூட்டில கிடக்கே, கண்டதில்லையே?" என்று கேட்டார். கண்டதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக மினியின் டிக்கி மூடி கோழிக்கூட்டுக் கூரையாகக் கிடந்திருக்கிறது. மேற்புறம் முழுக்கத் துரு. ஆனால் பிணைச்சல் பூட்டிய இடத்தின் அடியில், வெயிலும் மழையும் படாத ஒரு விரற்கடை அகலத்துக்கு, பெயின்ட் அப்படியே இருந்தது. பச்சைதான். அம்மா சொன்ன பச்சை.

அந்த மூடியை முச்சக்கரவண்டியில் ஏற்றி, நகரத்தில் வாகன பெயின்ட் கலக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். தமியாவின் ஸ்பிரே டப்பாக்கள் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத் தபாலில் வராது. ஆகவே எங்களைப்போன்றவர்களுக்கு இந்தக் கடைகள்தான் கதி. அங்கிருந்த தம்பி மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்ணாலேயே கலந்தார். நான்கு முறை கலந்து தகட்டில் தொட்டுப் பார்த்து, ஐந்தாவது தரம் எது பழையது, எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. "எத்தினை லீட்டர் வேணும் அக்கா?" என்றார். ஒரு தேநீர்க் கோப்பையில் பாதி போதும் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். சரி என்று அடுத்த வாரம் காரையே கொண்டுபோய்க் காட்டினேன்.

இப்படிக் கலந்த வாகன பெயின்டை நேரே பிளாஸ்டிக்கில் அடிக்கக்கூடாது. அதன் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும். ஐஸ்கிரீமுக்குத் தரும் பிளாஸ்டிக் கரண்டிகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொரு கலவையையும் முதலில் அவற்றின் முதுகில் அடித்துப் பாருங்கள். முதல் கரண்டி வெடித்துச் சுருங்கியது. மொடலுக்கென்று விற்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சை இரண்டு தரம் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் ஏர்பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாகப் போட்டதும் பிரச்சினை இல்லை.

ஆனால் அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கட கார் இல்லை, கறுத்துப்போச்சு" என்றார். மூடியின் நிறமும் கரண்டியின் நிறமும் அச்சொட்டாக ஒன்று. அப்படியிருந்தும் அம்மா சொன்னது சரிதான். பெரிய பொருளின் நிறத்தை அப்படியே சின்ன மொடலில் போட்டால் இருண்டு தெரியும். தூரத்தில் நிற்கும் காரைப் பார்க்கும்போது இடையிலுள்ள காற்று நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்கிறது, கையிலிருக்கும் மொடலுக்கு அந்தத் தூரம் இல்லை. வெள்ளையைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். எட்டாவது கரண்டியை அம்மா கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதைத்தான் காருக்கு அடித்தேன்.

திருகோணமலையில் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்டின் மேற்பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். அப்படி ஆனால் பதற வேண்டாம். நல்ல வெயில் நாளில் மிக மெல்லியதாகத் தின்னரை மட்டும் ஒருதரம் பனிபோல் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று, அதோடு புழுதி. மாசியும் பங்குனியும்தான் நமக்கான காலம். காலை ஏழு மணிக்குள் அடித்து, பெரிய ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுவேன்.

மினுக்குவதில் என் தொழில் பாதிதான் உதவியது. கட்டுப்பல்லை நாங்கள் சுழலும் துணிச்சில்லில் பொமிஸ் தூள் வைத்து மினுக்குவோம். அதை மொடலில் செய்தால் உராய்வுச் சூட்டில் பொலிஸ்டைரீன் இளகிவிடும். அது 100 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே இளகக்கூடியது. கையால்தான் செய்ய வேண்டும். 2000, 3000 இலக்கச் சாண்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்து, பிறகு மினுக்கும் பசை. தொடங்குமுன் அந்த வெல்ட் விளிம்புகளின்மேல் மறைப்பு நாடாவை ஒட்டிவிடுங்கள், முதலில் பெயின்ட் தேய்ந்து போவது அங்கேதான். நான்கு மாலை வெறுமனே தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் கூரையில் விறாந்தைக் கம்பிகள் வளையாமல் நேராகத் தெரிந்தன.

குறைகளும் உண்டு. குரோம் பூசிய பம்பரும் கிரில்லும் கண்ணைக் கூசும் அளவுக்கு மினுங்குகின்றன. கடற்காற்றில் நின்ற காருக்கு அது பொருந்தவில்லை. வெளுக்கும் திரவத்தில் ஓர் இரவு ஊறவைத்தால் குரோம் கழன்றுவிடும், பிறகு வெள்ளிப் பெயின்டைத் தூரிகையால் பூசினேன். கிரில்லும் சில்லும் எங்கள் சாதாரண மினியினுடையவை அல்ல. அதை மாற்றப் போகவில்லை.

கண்ணாடி விடயத்தில் குறை தமியாவினுடையது அல்ல. இணையத்தில் நான் வாங்கிய விற்பனையாளர் பெட்டியை ஒரு மெல்லிய உறையில் போட்டு அனுப்பியிருந்தார். பெட்டி நசுங்கி, பின் கண்ணாடியில் குறுக்கே வெடிப்பு. மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. பல் ஒழுங்குபடுத்திய பிறகு போடும் கண்ணாடி உறையைச் செய்யும் வெற்றிட இயந்திரம் எங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. வெடித்த கண்ணாடியை அச்சாக வைத்து, தெளிவான மெல்லிய தகட்டைச் சூடாக்கி அதன்மேல் உறிஞ்சவிட்டேன். வந்தது பெட்டியில் இருந்ததைவிட மெல்லியது, உண்மைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்ட. அதை ஒட்டச் சூப்பர் பசை கூடாது, அதன் ஆவி கண்ணாடியை மங்கலாக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். மச்சாள் கனடாவிலிருந்து வரும்போது இரண்டாவது பெட்டி ஒன்று கொண்டுவந்தார். எங்கள் காசில் பத்தாயிரம் ரூபாவுக்குக் கிட்ட வந்தது. மூன்று மாத மாலைகளுக்கு அது அதிகமில்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால் தமியாவின் 1966 வொக்ஸ்வாகன் 1300 இதற்கு அடுத்த இடத்தில் நிற்கும். 17 சென்ரிமீற்றர் நீளம், உருண்டைப் பின்புறம் மினுக்க மினுக்க வடிவாக வரும். 1/20 அளவில் ஒரு ஃபோர்முலா வன் கார் செய்தேன். எட்டு மாதம் பிடித்தது. விளம்பர டெக்கல்களை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படங்களை, ஒட்டி ஒட்டியே கழுத்து வலித்தது. பார்க்க எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள், எனக்கு அதில் பெருமை உண்டு. செய்தபோது மகிழ்ச்சியாக இருந்தேனா என்றால் அவ்வளவாக இல்லை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பசையும் பெயின்டும் வேண்டாத, மினி 4டபிள்யூடி என்ற தமியாவின் சின்ன மோட்டார் விளையாட்டுக் கார் நல்லது. பொருத்தி, பற்றரி போட்டால் ஓடும். அண்ணாவின் மகன் ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டான்.

மச்சாள் கொண்டுவந்த இரண்டாவது பெட்டி இதே மினியின் ராலிப் பதிப்பு. மொன்டி கார்லோ ராலியில் மினி 1964இலும் 1965இலும் வென்றது. 1966இலும் முதல் மூன்று இடத்துக்கும் மினிகளே வந்தன, முன்விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று வெற்றியைப் பறித்துவிட்டார்கள். அடுத்த வருடமே ரௌனோ ஆல்டனன் 177ஆம் இலக்கக் காரில் போய் அதை மீட்டெடுத்தார். இந்தப் பெட்டியில் இருப்பது அந்த 177, சிவப்பு உடல், வெள்ளைக் கூரை. இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து மருமகன் அதைத் தனக்கென்று எடுத்துவைத்திருக்கிறான். டெக்கல் தாள் லேசாக மஞ்சளித்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு யன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டியிருக்கிறோம், சில வாரங்களில் வெளுத்துவிடும். மாசி பிறந்ததும் சிவப்புக் கலக்க அதே கடைக்குப் போக வேண்டும். கரண்டிகள் சேர்க்கும் வேலையை மருமகன் எடுத்துக்கொண்டான். இதுவரை பத்தொன்பது சேர்ந்திருக்கின்றன.